கேம்பஸ் ஃபுட் பேன்ட்ரி: எது தேறும், எங்கே சொதப்பும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படிக்கிற நம் பிள்ளைகள் பலருக்கு இரண்டாம் செமஸ்டரில்தான் கண்ணில் படுகிற சேவை ஃபுட் பேன்ட்ரி, அதாவது கேம்பஸிலேயே மாணவர்களுக்கு உணவுப் பொருள்களை இலவசமாகத் தரும் இடம். மாணவர் அட்டையைக் காட்டினால் போதும். அரிசி, பாஸ்தா, டப்பா பீன்ஸ், வேர்க்கடலை வெண்ணெய் எல்லாம் காசில்லாமல் எடுத்து வரலாம். சில இடங்களில் பால், முட்டை, காய்கறிகூட உண்டு. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1993-இல் மாணவர்கள் தொடங்கிய உணவு வங்கிதான் இதற்கு முன்னோடி. 2012-இல் அந்தப் பல்கலைக்கழகமும் ஆரிகன் ஸ்டேட்டும் சேர்ந்து இத்தகைய பேன்ட்ரிகளுக்கென ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின. இன்று பேன்ட்ரி இல்லாத பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் தரத்தில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

"அதெல்லாம் ரொம்பக் கஷ்டப்படுகிறவர்களுக்கு" என்று ஒதுங்குவதில் அர்த்தமில்லை. அமெரிக்கக் கல்வித்துறை 2019–20 கல்வியாண்டுக்கு எடுத்த கணக்கில் இளநிலை மாணவர்களில் சுமார் 23 சதவீதம் பேருக்கும், முதுநிலையில் 12 சதவீதம் பேருக்கும் உணவுப் பற்றாக்குறை இருந்தது. காரணம் எளிது. வாடகையையும் ஃபீஸையும் குறைக்க முடியாது, சாப்பாட்டைக் குறைக்கலாம். குறைத்துக்கொண்டிருப்பதை அவரவரே கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

ஒரு பேன்ட்ரியை எடைபோட அலமாரியைப் பார்க்காதீர்கள். எப்போது திறக்கிறார்கள், உள்ளே விடுமுன் என்னென்ன கேட்கிறார்கள், இந்த இரண்டையும் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள், மதியம் 2 முதல் 4 வரை என்று போட்டிருந்தால் லேப் இருப்பவருக்கும் பகுதிநேர வேலைக்குப் போகிறவருக்கும் அது மூடியிருப்பதற்குச் சமம். மாலை 6 மணிக்கு மேல் ஒரு நாளாவது திறக்கும் பேன்ட்ரி, சரக்கு குறைவாக இருந்தாலும் மேல். வாசலில் அட்டையை ஸ்வைப் செய்து உள்ளே விட்டால் நல்ல நிர்வாகம். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் என்று கேட்டால் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள், அதுவும் தேவை அதிகமுள்ள பாதி. ஒரு விதிவிலக்கு உண்டு. அரசு தரும் பொருள்கள் தனி அலமாரியில் இருந்தால் அதற்கு வருமானம் பற்றி ஒரு படிவத்தில் கையெழுத்து கேட்பார்கள். விசாவில் இருப்பவர்கள் அதைப் படித்துப் பார்த்து, சந்தேகம் இருந்தால் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடலாம். மற்ற அலமாரிகளுக்கு அந்தப் படிவம் தேவைப்படாது. வெளியே வரும்போது பையை எடை போடுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பவுண்டு போனது என்று சரக்கு தரும் வட்டார உணவு வங்கிக்குக் கணக்குக் காட்டத்தான் அது.

பொருள் தரும் முறையில் மூன்று வகை. கட்டிவைத்த பையை அப்படியே கையில் கொடுப்பது முதல் வகை. தன்னார்வலர்களுக்குச் சுலபம், வாங்குகிறவருக்குத் தண்டம். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவருக்கு அதே வெண்ணெயும், சைவம் சாப்பிடுகிறவருக்கு டூனா மீன் டப்பாவும் வரும். பாதி குப்பைக்குப் போகும். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் கொடுக்கலாம். கடை மாதிரி நாமே கூடையில் எடுத்துக்கொள்வது இரண்டாவது. பாயின்ட் கணக்கிலோ, வாரத்துக்கு இத்தனை பவுண்டு என்றோ வரம்பு இருக்கும். ஐந்துக்கு நாலரை. ஆன்லைனில் ஆர்டர் செய்து லாக்கரில் எடுப்பது மூன்றாவது. யார் கண்ணிலும் படாமல் எடுக்கலாம், நேரப் பிரச்சினையும் இல்லை. குளிரூட்டாத லாக்கரில் பால், முட்டை வைக்க மாட்டார்கள், வைக்கவும் கூடாது. கெட்டுப்போகும் பொருள் வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, ஃபிரிட்ஜ் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்க வேண்டும். ஆகவே பேன்ட்ரி ஃபிரிட்ஜில் தெர்மாமீட்டர் தொங்குகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

சரக்கு எந்தக் கிழமை வருகிறது என்று முதல் தடவையே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முட்டையும் பச்சைக் காய்களும் முதல் ஒரு மணி நேரத்தில் காலி. நவம்பர் நன்கொடை முகாம்களுக்குப் பிறகு கிரான்பெர்ரி சாஸும் டப்பாச் சோளமும் மலையாய்க் குவியும், சமையலுக்கு ஆகிற பொருள் இருக்காது. பல இடங்களில் பெரிய சொதப்பல் தேர்வு வாரத்தில்தான். நடத்துகிற தன்னார்வலர்களும் மாணவர்கள் என்பதால் எல்லாருக்கும் கையில் காசு தீரும் அதே நேரத்தில் பேன்ட்ரி நேரமும் சுருங்கும். கோடை விடுமுறை அதைவிட மோசம். அதற்கு முந்தைய வாரமே அரிசி, பருப்பு வகைகளை எடுத்து வைத்துவிடுங்கள்.

சைவர்கள் லேபிள் படிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அடியில் கொட்டை எழுத்தில் வரும் அலர்ஜிப் பட்டியலை மட்டும் நம்பக்கூடாது. பால், முட்டை, மீன், கோதுமை, எள் போன்ற 9 பொருள்கள்தான் அதில் வரும். கோழி, மாடு, பன்றி அதில் வராது. முழு மூலப்பொருள் பட்டியலையும் படிக்க வேண்டும். ரீஃப்ரைடு பீன்ஸில் (வேகவைத்து மசித்த பீன்ஸ்) 'லார்டு' என்று இருந்தால் பன்றிக் கொழுப்பு. காய்கறி சூப்பில் சிக்கன் பிராத் (கோழிச் சாறு) இருக்கலாம், சில தயிர்களில் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். மசாலாப் பொட்டலத்தோடு வரும் அரிசி பாக்கெட்டிலும் சிக்கன் பொடி கலந்திருக்கலாம்.

தேதி தாண்டிய டப்பாக்களைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் நிறைய. 'பெஸ்ட் பை' தேதி சுவைக்கும் தரத்துக்கும் போட்டது. கைக்குழந்தைகளுக்கான ஃபார்முலாவுக்கு மட்டும் அந்தத் தேதி கறார். நல்லெண்ணத்தோடு உணவு தருகிறவர்களுக்கு 1996-இல் வந்த சட்டம் பாதுகாப்புக் கொடுக்கிறது, அதனால்தான் கடைகள் தேதி நெருங்கிய சரக்கைத் தைரியமாகத் தருகின்றன. பார்க்க வேண்டியது டப்பாவின் உடம்பை. உப்பியிருந்தாலோ கசிந்தாலோ தொடவே வேண்டாம். விரல் பதியும் அளவுக்குப் பள்ளம் இருந்தாலும், விளிம்பிலோ இணைப்புக் கோட்டிலோ நசுங்கியிருந்தாலும் வைத்துவிட்டு வேறு எடுங்கள். திறந்தபின் பீன்ஸை வடித்து, குழாய்த் தண்ணீரில் அலசினால் சோடியம் ஏறத்தாழ 40 சதவீதம் குறையும். அலசாமல் குழம்பில் போட்டுவிட்டு உப்புக் கரிக்கிறது என்று புலம்புவதில் பயனில்லை.

காய்ந்த ராஜ்மா கிடைத்தால் யோகம்தான். ஒரு பவுண்டு வெந்தால் சுமார் 6 கப் வரும். ஆனால் அதை ஸ்லோ குக்கரில் நேரடியாகப் போடாதீர்கள். வேகாத ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் அந்தக் குறைந்த சூட்டில் அழியாது, நாலைந்து விதை தின்றாலே வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவெனக் கொதிக்க விட வேண்டும். பிரஷர் குக்கர் இருக்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

டார்மில் (மாணவர் விடுதியில்) இருப்பவர்கள் கவனிக்க: டப்பா திறப்பான் இல்லாமல் பத்து டப்பாவை அறைக்குத் தூக்கி வருகிற கூத்து சர்வசாதாரணம். வளையம் வைத்த டப்பாவாகப் பார்த்து எடுங்கள். நல்ல பேன்ட்ரிகளில் திறப்பானையே இலவசமாகத் தருவார்கள். மைக்ரோவேவ் மட்டும் உள்ளவர்களுக்கு ஓட்ஸ், கூஸ்கூஸ், டப்பாக் கொண்டைக்கடலை தோது. மீல் பிளான் (கேம்பஸ் உணவகச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே பணம் கட்டும் திட்டம்) வாங்கியவர்களுக்குச் சில பேன்ட்ரிகளில் அனுமதி இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறைந்த வருமானக்காரர்கள் உணவு வாங்க அரசு தரும் ஸ்னாப் உதவி எஃப்-1 மாணவர் விசாக்காரர்களுக்குக் கிடையாது. குடியுரிமை உள்ள மாணவர்களுக்கும் சும்மா கிடைத்துவிடாது. 18 முதல் 49 வயதுக்குள் இருந்து, பாதி நேரமோ அதற்கு மேலோ படிப்பவர் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும், அல்லது வொர்க்-ஸ்டடி (அரசு நிதியுதவியோடு மாணவர்களுக்குத் தரும் பகுதிநேர வேலை) போன்ற ஏதாவதொரு விலக்குக்குள் வர வேண்டும். ஆகவே விசாக்காரர்களுக்குப் பேன்ட்ரியைத் தவிர இருக்கிற இன்னொரு நல்ல வழி, மீல் ஸ்வைப் நன்கொடை. மீல் பிளானில் மிஞ்சிய சாப்பாட்டு வேளைகளைச் சக மாணவர்கள் விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு இது. யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) மாணவர்கள் தொடங்கிய ஸ்வைப் அவுட் ஹங்கர் அமைப்பு இதைப் பல கேம்பஸ்களுக்குக் கொண்டு போனது. சூடான சாப்பாடு, சமைக்கவும் வேண்டாம். குறை என்னவென்றால், பல இடங்களில் ஒரு செமஸ்டருக்கு ஒருவருக்கு இத்தனைதான் என்று உச்சவரம்பு இருக்கும், கையிருப்பும் சீக்கிரம் தீரும். செமஸ்டர் தொடங்கிய முதல் வாரத்திலேயே விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.