நண்பரின் திருமணத்தில் ஒரு 50 மி.மீ. லென்ஸ்

நெருங்கிய நண்பரின் திருமணத்தைப் படமெடுக்க ஒப்புக்கொண்டபோது என்னிடம் ஏபிஎஸ்-சி எனப்படும், 35 மி.மீ. ஃபிலிமைவிடச் சிறிய சென்சார் கொண்ட கேமராவும் அதனுடன் வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸும் மட்டுமே இருந்தன. ஒரு வாரம் முன்பாக அரங்கைப் பார்க்கச் சென்றபோதே அங்குள்ள வெளிச்சத்துக்கு அந்த லென்ஸ் போதாது என்று தெரிந்துவிட்டதால், எஃப்/1.8 வரை திறக்கும் (இந்த எண் சிறிதாகச் சிறிதாக ஒளி நுழையும் துளை பெரிதாகும்) 50 மி.மீ. லென்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன்.

ஜூம் லென்ஸ் 50 மி.மீ. அளவில் எஃப்/5.6 வரைதான் திறக்கும். இந்த லென்ஸோ அதைப் போல ஒன்பது மடங்குக்கும் கூடுதலான ஒளியை உள்ளே விடுகிறது. ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை 6400-இல் வைக்க வேண்டிய இடத்தில், ஷட்டர் வேகத்தை மாற்றாமலேயே, 640 போதுமானதாக இருந்தது. சடங்கு முடிந்ததும் நண்பரின் தந்தை ஓர் ஓரமாக, ஒற்றை விளக்கின் கீழ் நின்று கண்களைத் துடைத்துக்கொண்டார். ஃபிளாஷ் வெளிச்சம் பட்டிருந்தால் அவர் நிச்சயமாகத் திரும்பியிருப்பார். அது இல்லாததால் நான் படமெடுத்ததை அவர் உணரவேயில்லை. இந்த ஒரு படத்துக்காகவே கொடுத்த வாடகை தகும் என்று கருதுகிறேன். மேலும், ஏபிஎஸ்-சி கேமராவில் இது, 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள சென்சாரில் ஏறத்தாழ 75 மி.மீ. லென்ஸ் தரும் பார்வைக் கோணத்தைத் தருவதால், சற்று விலகி நின்றே முகங்களை அவற்றின் இயல்பு கெடாமல் எடுக்க முடிகிறது.

ஆனால் முழுவதும் திறந்த துளையில் இந்த லென்ஸ் சிறிய கவனக்குறைவையும் பொறுப்பதில்லை. இரண்டு மீட்டர் தொலைவில் எஃப்/1.8 வைத்து எடுத்தால் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய 12 செ.மீ. மட்டுமே. மணமக்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த நொடியில் நண்பரின் இமைமுடி வரை துல்லியமாகப் பதிந்திருக்க, ஓரடி பின்னால் நின்ற மணமகளின் முகம் மங்கிவிட்டது. அந்த நொடி திரும்ப வராது என்பதால் அது எனக்கு இன்றும் வருத்தமே. அதற்குப் பிறகு இருவர் உள்ள படங்களுக்குத் துளையை எஃப்/2.8-க்குக் குறைத்து, இருவரும் கேமராவிலிருந்து ஒரே தொலைவில் வரும்படி நானே பக்கவாட்டில் நகர்ந்து நின்றேன். ஆழம் 18 செ.மீ. அளவுக்குத்தான் கூடியது என்றாலும், நின்ற இடம் சரியாக அமைந்ததால் அதுவே போதுமானதாயிற்று.

குழுப் படங்களுக்கு இது உகந்ததன்று. ஐந்து மீட்டர் அகலமுள்ள ஒரு வரிசையை அடக்கப் பத்து மீட்டருக்கும் மேல் பின்னால் செல்ல வேண்டும். அவ்வளவு இடம் அரங்கில் இல்லாததால் அவற்றை ஜூம் லென்ஸிலேயே எடுத்தேன். மங்கலான வெளிச்சத்தில் ஆட்டோ ஃபோகஸ் சில நேரங்களில் முன்னும் பின்னும் தேடி அலைந்தது. முகத்தின் நடுவே ஃபோகஸ் செய்வதை விட்டு, இமையும் விழியும் சேரும் விளிம்பில் ஒற்றைப் புள்ளியை வைத்தபோது அந்தத் தேடல் பெருமளவு குறைந்தது.

வாடகைக்கு எடுப்பவர்கள் திருமணத்துக்கு இரண்டு நாள் முன்பே வாங்கி, வீட்டு விளக்கொளியில் குடும்பத்தினர் இருவரை நிறுத்தி எஃப்/1.8, எஃப்/2.8 இரண்டிலும் எடுத்துப் பார்க்குமாறு வேண்டுகிறேன். நான் முந்தைய நாள் இரவுதான் வாங்கினேன். மணமகளின் முகம் மங்கிய அந்தப் படத்துக்கு முதன்மையான காரணம் அதுவே.