லிஃப்ட் இன்ஸ்பெக்டர் யாரோட ஆளு? கலிஃபோர்னியா, டெக்சாஸ், நியூயார்க் ஒரு அலசல்

டெக்சாஸ்ல எங்க காண்டோ (அபார்ட்மென்ட்) ஓனர்ஸ் அசோசியேஷன் போர்டுல லிஃப்ட் ஃபைல் என் தலைல விழுந்தப்பதான் தெரிஞ்சுது, அமெரிக்கால லிஃப்டுக்குன்னு நாடு முழுக்க ஒரே சட்டம் கிடையாதுன்னு. 1921-ல முதல்ல வந்த ஏ17.1-ங்கற லிஃப்ட் பாதுகாப்பு விதித்தொகுப்புதான் பொதுவா அடிப்படை. ஆனா எந்த வருஷத்து எடிஷன், யார் வந்து செக் பண்ணணும், யார் கை வைக்கலாம், இதெல்லாம் ஸ்டேட்டுக்கு ஸ்டேட் வேற, சில ஊர்ல சிட்டியே தனியா ரூல் போடுது.

கலிஃபோர்னியால கால்-ஓஷாங்கற அரசு ஆபீஸோட இன்ஸ்பெக்டரே வந்து பாப்பார், அவர் ஓகே சொன்னாதான் பெர்மிட். ஃபீஸ் போறது அரசுக்கு, அதனால ஓனர் மூஞ்சிய பாத்து ரிப்போர்ட் எழுத வேண்டிய அவசியம் அவருக்கு இல்ல. குறை என்னன்னா ஆள் பத்தாது, ஃபீஸ் கட்டிட்டு காத்திருக்கும்போதே லிஃப்டுக்குள்ள மாட்டியிருக்கற பெர்மிட்டோட தேதி முடிஞ்சு போயிருக்கும். ஆனா மெக்கானிக் விஷயத்துல கறாரு. கம்பெனிக்கு ஒரு சர்டிஃபிகேட், வேலை செய்யற ஆளுக்கு தனியா இன்னொண்ணு.

டெக்சாஸ்ல நேர் எதிர். இங்க டிடிஎல்ஆர்னு ஒரு டிபார்ட்மென்ட், முடி வெட்டறவங்களுக்கும் வண்டி இழுத்துட்டு போற டோ ட்ரக்குக்கும் லைசென்ஸ் குடுக்கறதும் இவங்கதான். கூத்து என்னன்னா, கத்திரி பிடிக்கறவருக்கு தனி லைசென்ஸ் வேணும், லிஃப்ட் மெக்கானிக்குக்கு வேண்டாம், அவரோட கான்ட்ராக்டர் கம்பெனி பதிவு பண்ணியிருந்தா போதும்! வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் உண்டு, பண்றது க்யூஇஐங்கற லிஃப்ட் இன்ஸ்பெக்டர் தகுதி சர்டிஃபிகேட் வாங்கி டிடிஎல்ஆர்ல பதிஞ்ச தனியார் ஆளு, அவர கூப்பிட்டு காசு குடுக்கறது பில்டிங் ஓனர். டக்குனு வேலை முடியும், அத ஒத்துக்கணும். ஆனா எங்க மெயின்டனன்ஸ் கம்பெனிக்காரர் "நமக்கு தெரிஞ்ச இன்ஸ்பெக்டர் ஒருத்தர் இருக்கார்"னு அவரே நம்பர் குடுத்தார், நாங்களும் யோசிக்காம கூப்பிட்டோம், இருபது நிமிஷத்துல எல்லாம் சரின்னு எழுதிட்டு போயிட்டார்.

எனக்கு பிடிச்சது நியூயார்க் சிட்டி முறைதான். கேட்டகரி 1-னு வருஷாந்திர டெஸ்ட்ட ஒரு ஏஜென்சி பண்ணணும், அதோட சம்பந்தமே இல்லாத இன்னொரு ஏஜென்சி பக்கத்துல நின்னு சாட்சியா பாக்கணும். ரெண்டு ஏஜென்சிக்கும் காசு குடுக்கறது ஓனர்தான், ஆனா ஒருத்தர் தப்ப மறைக்கணும்னா இன்னொருத்தரும் உடந்தையா இருக்கணும். 2022-லேர்ந்து குறிப்பிட்ட இடைவெளில நடக்கற பீரியாடிக் இன்ஸ்பெக்‌ஷனையும் மெயின்டனன்ஸ் கம்பெனியோட தொடர்பில்லாத ஏஜென்சிதான் பண்ணணும்னு ஆக்கிட்டாங்க. ரிப்போர்ட் ஃபைல் பண்ணலன்னா ஒரு லிஃப்டுக்கு 3,000 டாலர் அபராதம். சின்ன பில்டிங்குக்கு இந்த ரெட்டை செலவு கழுத்த நெரிக்கும்தான், இல்லன்னு சொல்லல.

இவ்ளோ கெடுபிடி தேவையான்னு கேட்டா, 2011 டிசம்பர்ல நியூயார்க் சிட்டி மேடிசன் அவென்யூல நடந்தத சொல்வேன். கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் மேல கிளம்பி ஒரு பெண் இறந்துட்டாங்க. மெக்கானிக்குங்க வேலைக்காக கதவோட சேஃப்டி சர்க்யூட்ட பைபாஸ் பண்ணிட்டு, அத அப்படியே விட்டுட்டாங்கன்னு விசாரணைல தெரிஞ்சுது. இப்படி பைபாஸ் பண்ண மாட்டற ஜம்பர் வயர்ங்கறது விரல் நீளம்தான் இருக்கும், லிஃப்ட இயக்கற கன்ட்ரோலர்ல ரெண்டு டெர்மினலுக்கு நடுவுல மாட்டினா கதவு மூடியிருக்குன்னு லிஃப்ட் நம்பிடும். அத கண்டுபிடிச்சு லிஃப்ட நிறுத்தற டோர் லாக் மானிட்டரிங் வசதிய 2020 ஜனவரி 1-க்குள்ள வெச்சே ஆகணும்னு சிட்டி பின்னாடி கெடு வெச்சுது. ஆனா மெக்கானிக்குக்கு லைசென்ஸ் வேணும்னு நியூயார்க் ஸ்டேட் சட்டம் கையெழுத்தானதே 2020-லதான், இதுல கலிஃபோர்னியா எப்பவோ முந்திடுச்சு.

டெக்சாஸ்ல இருக்கறவங்க செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. மெயின்டனன்ஸ் கம்பெனி குடுக்கற நம்பர ஒதுக்கிட்டு டிடிஎல்ஆர் லிஸ்ட்லேர்ந்து நீங்களே ஒரு இன்ஸ்பெக்டர கூப்பிடுங்க. அடுத்த வருஷம் நாங்க அப்படித்தான் பண்ணோம். வந்தவர் லிஃப்டுக்கு அடில இருக்கற குழிக்குள்ள இறங்கினார், லிஃப்டுக்குள்ள இருக்கற அவசர ஃபோன அழுத்தி யார் எடுக்கறாங்கன்னு பாத்தார், மூடற கதவுக்கு குறுக்க ஒரு ஸ்பிரிங் தராச வெச்சார். கதவு தள்ளற விசை 30 பவுண்டுக்கு மேல போகக்கூடாது, முள்ளு அத தாண்டி நின்னுச்சு. முந்தின வருஷ ரிப்போர்ட்ட எடுத்து பாத்தா, அதே வரில டிக் போட்டிருந்துது.