பழைய புல்லட்டுக்கு ஹெட்லைட் ரப்பர்: ஒட்டுப் போட்டதா, ஒரே வார்ப்பா?

பழைய புல்லட்டுக்கு தண்ணீர் உள்ளே போகாமல் விளக்கைச் சுற்றி உட்காரும் ஹெட்லைட் ரப்பர் வாங்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒட்டுப் போட்ட வளையத்தை வாங்காதீர்கள். ஒரே வளையமாக அச்சில் வார்த்தது கிடைக்கிறது. விலை கூடத்தான், ஆனால் மழைக்காலத்தில் நம்பி ஓட்ட அதுதான் தாங்கும். நான் அம்பத்தூரில் ஒரு ரப்பர் மோல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறேன். தினமும் கையில் புரளும் பொருள் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

என்னுடையது 1978 மாடல் 350. மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டு சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியதே, அந்தத் திருவொற்றியூர் தொழிற்சாலையில் செய்த வண்டி. இந்த புல்லட்டின் முகத்தைத் தெரியாதவர்கள் குறைவு: நடுவில் பெரிய விளக்கு, மேலே இரண்டு பக்கமும் குட்டி பைலட் விளக்குகள். விளக்கு உட்கார்ந்திருக்கும் அந்த அலுமினிய வார்ப்புக்குள்ளேதான் ஸ்பீடோமீட்டர், மின்னோட்டம் காட்டும் அம்மீட்டர், பாதி வயரிங் எல்லாம் இருக்கிறது. ஆக, முன்னால் இருக்கும் ரப்பர் போனால் கெட்டுப்போவது விளக்கு மட்டும் இல்லை. தண்ணீர் உள்ளே போய் ஒயர் முனைகளில் பச்சையாகப் பூக்கும், அம்மீட்டர் முள் தன் இஷ்டத்துக்கு ஆடும். எல்லாவற்றுக்கும் முன்னால் போவது ரிஃப்ளெக்டர். அதன் பளபளப்பு ஒரு மெல்லிய பூச்சு, ஈரம் பட்டால் ஓரத்தில் இருந்து கறுத்துக்கொண்டே வரும். இந்த வண்டியில் ஆறு வோல்ட் பல்பு. இருக்கிற வெளிச்சமே கொஞ்சம், அதையும் ரிஃப்ளெக்டர் தின்றுவிட்டால் இரவில் ஓட்டவே முடியாது.

கழற்றிப் பார்த்தபோது பழைய ரப்பர் அப்பளம் மாதிரி நொறுங்கியது. நல்லவேளை, ரிஃப்ளெக்டரில் கீழ் ஓரம் மட்டும் மங்கியிருந்தது.

அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில்தான் வாங்கினேன். புதுப்பேட்டையிலும் கிடைக்கும், ஆனால் அங்கே பழைய வண்டியில் இருந்து கழற்றியதையும் சேர்த்து விற்பார்கள். ரப்பர் விஷயத்தில் பழையது எதற்கும் உதவாது. முதலில் போன கடையில் எண்பது ரூபாய்க்கு ஒன்றை நீட்டினார்கள். நீளமாக இழுத்த ரப்பரை வெட்டி இரண்டு முனையையும் பசை வைத்து ஒட்டிய வளையம். ஒட்டு இருந்த இடத்தை லேசாக மடக்கினேன், வாயைப் பிளந்தது. கையில் கறுப்பு ஒட்டியது, நெடி தூக்கலாக இருந்தது. கழிவு ரப்பரை நிறைய சேர்த்த கலவைக்கு அந்த நெடி வரும். “எல்லாரும் இதைத்தான் சார் வாங்கிட்டுப் போறாங்க” என்றார் கடைக்காரர். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம்.

இரண்டு கடை தள்ளி, மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு சின்னக் கடையில்தான் நல்லது கிடைத்தது. பெரியவர் ஒருவர் நடத்துகிறார். “எந்த வருஷத்து வண்டி தம்பி? ரிம் பழசா, மாத்தினதா?” என்று கேட்டுவிட்டுத்தான் டப்பாவைத் திறந்தார். கழற்றிய ரிம்மை, அதாவது விளக்கைச் சுற்றிப் பிடிக்கும் உலோக வளையத்தை, கொண்டுபோயிருந்தேன், அதிலேயே வைத்துக் காட்டினார். இருநூற்று இருபது ரூபாய். பேரம் பேசவில்லை. ஒரே வளையமாக வார்த்தது, சுற்றிலும் அச்சின் கோடு மட்டும் மயிரிழை போலத் தெரிந்தது. நகத்தால் அழுத்தினால் தடம் உடனே மறைந்தது. மேலே லேசாக வெள்ளை பூத்திருந்ததைப் பார்த்துப் பலர் பழைய சரக்கு என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அது பெரும்பாலும் கலவையில் சேர்த்த பொருட்கள் வெளியே வருவது, துடைத்தால் போய்விடும். பழையதா என்று பார்க்க வேண்டுமானால் ஒரு இடத்தை நன்றாக மடித்து மடிப்பின் முதுகைப் பாருங்கள். மெல்லிய வெடிப்பு தெரிந்தால் வேண்டாம்.

பட்டறையில் கடினத்தையும் அளந்து பார்த்தேன். ஷோர் ஏ அளவில் ஐம்பத்தெட்டு வந்தது. இந்த வேலைக்கு இதுதான் சரி. இதைவிட அதிகம் கெட்டியாக இருந்தால் ரிம் எவ்வளவு இறுகினாலும் ரப்பர் அமுங்கிக் கொடுக்காது, புல்லட்டின் அதிர்வில் ரிம் கடகடக்கும். கலவை ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் என்று பெரியவர் சொன்னார், தொட்டுப் பார்த்த வரைக்கும் எனக்கும் அப்படித்தான் பட்டது. வெயிலையும் காற்றில் இருக்கும் ஓசோனையும் ஈபிடிஎம் நன்றாகத் தாங்கும். இயற்கை ரப்பரைத்தான் ஓசோன் சீக்கிரம் வெடிக்க வைக்கும். ஆனால் பெட்ரோல், என்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ் எதுவும் ஈபிடிஎம்மில் படக்கூடாது, ஊதிவிடும். மாட்டும்போது வழுக்க வேண்டுமானால் சோப்புத் தண்ணீரோ சிலிகான் கிரீஸோ போதும்.

மாட்டுவது பெரிய வேலை இல்லை. ரிம் திருகைக் கழற்றுவதற்கு முன் விளக்கு எந்தச் சாய்வில் இருக்கிறது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ரிம் உட்காரும் விளிம்பில் பழைய ரப்பரின் பிசிர் ஒன்றுகூட இருக்கக்கூடாது. ரிம்மின் உள்மடிப்பில் துரு இருந்தால் தேய்த்துவிட்டு ஜிங்க் பிரைமர் ஒரு கை அடியுங்கள். ரிஃப்ளெக்டரைத் துணியால் துடைக்கவே கூடாது, பூச்சு கையோடு வந்துவிடும். அப்புறம் ரப்பரை மேல், கீழ், இடம், வலம் என்று நாலு இடத்தில் முதலில் பொருத்திவிட்டு இடையில் இருப்பதை விரலால் தள்ளிக்கொண்டே போங்கள். ஒரு பக்கத்தில் தொடங்கி இழுத்துக்கொண்டே போனால் கடைசியில் வளையம் விறைப்பாக நிற்கும். இயற்கை ரப்பர் கலந்ததாக இருந்தால் அந்த விறைப்பில்தான் ஓசோன் வெடிப்பு முதலில் விழும்.

திருகை இறுக்கியதும் நான் செய்தது, செய்தித்தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து ரிம்முக்கும் ரப்பருக்கும் நடுவே சொருகி இழுத்துப் பார்த்தது. சுற்றிலும் பிடித்து நின்றது, திருகுக்குப் பக்கத்தில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த இடத்தில் ரப்பரின் உதடு கொஞ்சம் உயரமாக இருந்து மடங்கிக்கொள்கிறது. இந்தப் பொருளில் நான் கண்ட ஒரே குறை இதுதான். புது பிளேடால் ஒரு நூல் அளவு சீவினேன், சரியாக உட்கார்ந்தது. செய்கிறவர்கள் அச்சில் அந்த இடத்தைத் திருத்தினால் போதும், வாங்குகிறவர் பிளேடு எடுக்கவே வேண்டியிருக்காது.

மெக்கானிக்குகளில் சிலர் ரப்பரோடு சிலிகான் பேஸ்டும் பூசிவிடுகிறார்கள். தயவுசெய்து பூச விடாதீர்கள். புளித்த வாடை வரும் பேஸ்ட் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும், மூடிய கூட்டுக்குள் அது ரிஃப்ளெக்டரையும் ஒயர் முனைகளையும் அரிக்கும். நல்ல ரப்பர் இருந்தால் பேஸ்டே தேவையில்லை.

ஹோஸ் பைப்பை முன்னாலிருந்தும் மேலேயிருந்தும் பிடித்துத் தண்ணீர் அடித்தேன். பிறகு திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சொட்டு இல்லை. அதற்கு அப்புறம் ஒரு நல்ல மழையிலும் ஓட்டிவிட்டேன், கண்ணாடியில் மூட்டம் போடவில்லை.

வாங்கும்போதே பைலட் விளக்குகளுக்கான குட்டி ரப்பர் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். அதே கடையில் ஜோடி அறுபது ரூபாய். பெரிய ரப்பரைப் புதிதாக மாட்டிவிட்டு இவற்றை அப்படியே விட்டால், தண்ணீர் அந்த வழியாக இறங்கி அதே கூட்டுக்குள்தான் வந்து சேரும்.