குமுளிக் கடையில் ஒரு மணி நேரத்தில் அழிந்த கல்யாணப் படங்கள்: மெமரி கார்டு குறித்து ஓர் எச்சரிக்கை

கம்பத்தில் சிறிய ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். சென்ற மாதம் வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்த கல்யாணத்தில் எடுத்த படங்கள் அடங்கிய 64 ஜிபி மெமரி கார்டைக் கேரள எல்லையிலுள்ள குமுளியில் ஒரு கடையில் கொடுத்து, அவ்வளவையும் இழந்தேன். கார்டு பழுதானது என் கவனக்குறைவால். ஆனால் மீட்டிருக்கக்கூடிய படங்கள் மீளாமல் போனது கடைக்காரர் செய்த ஒரே ஒரு வேலையால். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று எல்லையின் இருபுறமும் படம் எடுக்கப் போகும் தம்பிமார் யாருக்கும் இது நேரக்கூடாது என்பதற்காகவே நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தாலி கட்டி முடிந்த கையோடு கேமரா பேட்டரி தீரும் நிலைக்கு வந்தது. கார்டில் படங்கள் எழுதப்பட்டுக்கொண்டிருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிவதைக் கவனிக்காமல், அவசரத்தில் பேட்டரிக் கதவைத் திறந்துவிட்டேன். புதுப் பேட்டரியைப் போட்டதும், கார்டைப் படிக்க முடியவில்லை, ஃபார்மட் செய்யவும் என்று திரையில் வந்தது. என் கேமராவில் கார்டு போட ஒரே இடம்தான் உண்டு. வேறு கார்டை மாட்டி மீதி நிகழ்ச்சியை எடுத்து முடித்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டபோதும், பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும் என்றே கேட்டது. நான் ரத்து செய்துவிட்டுக் கார்டை உருவி எடுத்தேன். அதுவரை நான் செய்தது சரி.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தச் செய்தி வந்தால் கார்டு காலியாகிவிட்டது என்று பொருளல்ல. தோட்டத்து ஆபீசில் பெயர்ப் பதிவேடு கிழிந்துபோனால், யார் எந்த லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறார்கள் என்று எடுத்துச் சொல்ல முடியாதே தவிர, ஆட்கள் அவரவர் லயத்தில்தான் இருப்பார்கள். கார்டிலும் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான் சிதைந்திருக்கும். படங்கள் அப்படியே இருக்கும். ஒவ்வொரு ஜேபெக் படமும் ஒரே மாதிரியான அடையாள பைட்டுகளுடன் தொடங்குவதால், ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்கள் அட்டவணையே இல்லாமல் கார்டு முழுவதையும் தேடி அவற்றைப் பொறுக்கி எடுத்துவிடும். கேமராவில் செய்யும் சாதாரண ஃபார்மட்டும், கம்ப்யூட்டரில் செய்யும் விரைவு ஃபார்மட்டும் பெரும்பாலும் அந்த அட்டவணையை மட்டுமே புதிதாக எழுதுகின்றன. ஆகவே தவறுதலாக ஃபார்மட் செய்த பிறகும், மேலே எதுவும் எடுக்காமல் கார்டை வெளியே எடுத்துவிட்டால் பெரும்பாலும் மீட்கலாம். விண்டோஸில் முழு ஃபார்மட் என்பது இதிலிருந்து முற்றிலும் வேறானது. 2007-இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதல், அது கார்டின் தொடக்கத்திலிருந்து கடைசிவரை பூஜ்யத்தை எழுதிக்கொண்டே போகிறது. அதன் பிறகு யாராலும் எதையும் எடுக்க முடியாது.

டேட்டா ரெக்கவரி என்று போர்டு வைத்திருந்த அந்தக் கடைக்கு மறுநாள் காலை போனேன். கார்டைச் சொருகிப் பார்த்தவர், "எடுத்துத் தரலாம் அண்ணா, ஒரு மணிக்கூர் கழிச்சு வாங்க" என்றார். 1,500 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டார், ரசீது தரவில்லை. நான் உடனே வெளியே போய்விடவில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் திரும்பியிருந்த மானிட்டரில் ஒரு சிறிய பெட்டி திறந்திருந்தது. அதன் அடியில் ஒரு பச்சைக் கோடு அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டிருந்தது. படங்களைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று நம்பி, நிம்மதியாக எதிர்க்கடையில் டீ குடிக்கப் போனேன். என் கண்ணெதிரே நகர்ந்த அந்தக் கோடுதான் படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தது. விரைவு ஃபார்மட் சில நொடிகளில் முடிந்துவிடும். நொடிக்கு 20 மெகாபைட் எழுதும் கார்டில் 64 ஜிபியையும் பூஜ்யத்தால் நிரப்ப ஐம்பது நிமிடங்களுக்கு மேல் ஆகும். அவர் சொன்ன ஒரு மணி நேரத்தின் கணக்கு அதுதான்.

திரும்பி வந்தபோது, கார்டு ஏற்கனவே செத்துப்போய்த்தான் வந்தது, உள்ளே ஒன்றும் இல்லை என்று சொல்லிக் கார்டைக் கையில் கொடுத்தார். பணத்தைத் திருப்பித் தரவில்லை.

மதுரையில் டேட்டா மீட்பை மட்டுமே தொழிலாகச் செய்யும் ஒருவரிடம் அதை எடுத்துக்கொண்டு போனேன். அவர் முதலில் கார்டின் முழுப் பிரதியை எடுத்துக்கொண்டு, கார்டைத் தனியே வைத்துவிட்டு, பிரதியைத் திறந்து காட்டினார். திரை முழுவதும் வரிசை வரிசையாகப் பூஜ்யம். எவ்வளவு கீழே இறங்கினாலும் பூஜ்யம். அதைவிட முக்கியமாக, கார்டு என்டிஎஃப்எஸ் என்ற, விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பயன்படுத்தும் முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருந்தது. 32 ஜிபி வரையிலான கார்டுகளை ஃபேட்32 முறையிலும், அதற்கு மேற்பட்டவற்றை எக்ஸ்ஃபேட் முறையிலும்தான் கேமராக்கள் ஃபார்மட் செய்யும். என்டிஎஃப்எஸ் கேமராவிலிருந்து வரவே வராது. ஃபார்மட் செய்யும் கணத்தில் தானாக உருவாகும் மறைகோப்புகளில் இருந்த தேதியும் நேரமும், நான் குமுளியில் டீ குடித்துக்கொண்டிருந்த காலை நேரத்தையே காட்டின. நேராக அவரிடம் கொண்டுபோயிருந்தால் பெரும்பாலான படங்களை எடுத்துத் தந்திருக்க முடியும் என்றார். என்னிடம் பணம் வாங்கவும் மறுத்துவிட்டார்.

கல்யாண வீட்டாரிடம் இதைச் சொல்லப் போன நாளை என்னால் மறக்க முடியாது. பெண்ணின் தாத்தா படுத்த படுக்கையாக இருப்பவர். அவரை நாற்காலியோடு தூக்கிவந்து வாசலில் வைத்து, அவர் கையால் பெண்ணுக்குத் திருநீறு பூச வைத்தார்கள். "தம்பி, மத்தது போனாப் போகுது, அப்பா படம் ஒண்ணாவது கிடைக்குமா?" என்று பெண்ணின் அம்மா கேட்டார். உறவினர் ஒருவரின் போனில் அந்த நேரத்துப் படம் ஒன்று இருக்கிறது. அதில் தாத்தாவின் கை மட்டும்தான் தெரிகிறது. வாங்கிய பணத்தை முழுவதும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஃபார்மட் செய்வதே தவறு என்று யாரும் எண்ண வேண்டாம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் கார்டை ஃபார்மட் செய்வது நல்ல பழக்கம். படங்களை ஒவ்வொன்றாக அழித்து இடம் பண்ணுவதைவிட அது மேலானது. ஆனால் முந்தைய படங்களை இரண்டு இடங்களில் பிரதி எடுத்து, சிலவற்றைத் திறந்தும் பார்த்த பிறகு, பேட்டரி நிறைய இருக்கும்போது, எந்தக் கேமராவில் பயன்படுத்தப் போகிறோமோ அதே கேமராவில் செய்ய வேண்டும். கம்ப்யூட்டரில்தான் செய்தாக வேண்டுமென்றால், கார்டின் தரத்தை வகுக்கும் எஸ்டி அசோசியேஷன் இலவசமாகத் தரும் ஃபார்மட்டரைப் பயன்படுத்துவது நல்லது. கார்டு மெதுவாகிவிட்டால் லோ லெவல் ஃபார்மட் (அட்டவணையை மட்டுமல்லாமல் கார்டு முழுவதையும் அழிக்கும் ஃபார்மட்) செய்யலாம், உள்ளே தேவையானது எதுவும் இல்லாதபோது மட்டும். பிழைச் செய்தி வந்த கார்டில், படங்களை எடுத்து முடிக்கும்வரை எந்த ஃபார்மட்டும் கூடாது.

கடையில் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், கார்டின் ஓரத்தில் உள்ள சிறு பூட்டைக் கீழே இழுத்துவிட்டுக் கொடுங்கள். பெரும்பாலான கார்டு ரீடர்கள் அதை மதித்து எதையும் எழுத மறுக்கும். மைக்ரோ கார்டில் அந்தப் பூட்டு இல்லை. அதை அடாப்டரில் போட்டு, அடாப்டரின் பூட்டை இழுக்க வேண்டும். முதலில் முழுப் பிரதி எடுத்து அதில்தான் வேலை செய்வீர்களா என்று கேளுங்கள். இந்தக் கேள்வியே புரியாதவரிடமிருந்து கார்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஃபார்மட் செய்யக்கூடாது என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

கடை கேரளத்தில், நாம் தமிழ்நாட்டில், அங்கே போய் வழக்காட முடியுமா என்று பலர் இதுபோன்றவற்றை விட்டுவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் செய்பவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். என்னிடம் ரசீது இல்லை என்றாலும், முன்பணத்தை ஜிபேயில் அனுப்பிய பதிவு நேரத்தோடு இருக்கிறது. அதையும், கார்டின் தேதிகளைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டுகளையும், மதுரைக்காரர் கையெழுத்திட்டுக் கொடுத்த குறிப்பையும் சேர்த்து, தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திற்கான மனுவை எழுதி முடித்திருக்கிறேன். கார்டு பூட்டு இழுக்கப்பட்டு ஓர் உறையில் இருக்கிறது. அதில் இனி எதையும் எழுத விடமாட்டேன்.