தாங்பேக்ஜொன் என்று விற்கப்பட்ட மூன்று போலிகள்

"கொரிய அரசு வார்ப்பு, 1866, சான்றிதழ் உண்டு" என்ற விவரத்தோடு இணைய ஏலத்தில் விற்ற மூன்று 100 மூன் (மூன் என்பது கொரியாவின் பழைய நாணய அலகு) நாணயங்களைச் சோதித்துப் பார்த்தோம். மூன்றும் போலி. சான்றிதழில் கையெழுத்துப் போட்டிருப்பவர் விற்றவரே. பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். இதே சரக்கு வேறு பெயரில் மறுபடி ஏலத்துக்கு வரும் என்பதால் விவரமாக எழுதுகிறோம்.

ஏமாற்றுக்காரர்கள் இந்த நாணயத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. 1678 முதல் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் வார்த்த சாங்பியொங் தொங்போ என்ற சாதாரண 1 மூன் நாணயம் ஏராளமாகக் கிடைக்கிறது. அதைப் போலி செய்தால் கூலிகூடக் கட்டாது. 100 மூன், அதாவது தாங்பேக்ஜொன், அப்படியல்ல. சோலில் உள்ள கியொங்பொக் அரண்மனையைத் திரும்பக் கட்டும் செலவு கழுத்தை நெரித்தபோது, மன்னரின் தந்தை தேவொன்குன் அவர் சார்பில் நடத்திய ஆட்சியில் 1866-67இல் ஏறக்குறைய அரை ஆண்டு மட்டுமே வார்த்தார்கள். முகமதிப்பு 1 மூனைப்போல் நூறு மடங்கு, உலோகமோ ஐந்தாறு மடங்குதான். விலைவாசி ஏறியது, நாணயம் விரைவிலேயே திரும்பப் பெறப்பட்டது. அதனால்தான் இன்று அதற்கு நல்ல விலை.

அசல் சுமார் 40 மி.மீ. விட்டமும் 25 கிராம் எடையும் இருக்கும். வந்தவை மூன்றும் 39 மி.மீ.க்குச் சற்று மேல், 22 கிராமை ஒட்டி. அசலையே மாதிரியாக மணலில் அழுத்தி வார்த்தால் உலோகம் ஆறும்போது ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் சுருங்கும். விட்டத்தில் அது முக்கால் மி.மீ., எடையில் ஒன்றரை கிராம்வரை. ஆனால் அசல்களுக்குள்ளேயே ஏற்ற இறக்கம் உண்டு, தராசை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது. அச்சு இரண்டு பாதியும் சற்று விலகியதால் விளிம்பில் விழும் கோடும் அப்படித்தான், அசலிலும் வரும்.

காட்டிக்கொடுத்தது ஒரு வெட்டு. சதுர ஓட்டையின் கீழ்ச் சட்டத்தில், புழக்கத்தில் எதன் மீதோ மோதி விழுந்த பள்ளம். மூன்றிலும் அதே இடம், அதே நீளம். வார்ப்புக்குப் பின் ஒரு நாணயம் வாங்கிய அடி மற்ற இரண்டிலும் எப்படி வரும்? விற்றவரின் பதில்: "அந்தக் காலத்துத் திருட்டு வார்ப்பு." சாமர்த்தியமான பதில்தான். அந்தக் காலத்தில் திருட்டு வார்ப்பு மலிந்திருந்தது உண்மை, புழங்கிய நாணயத்தை மாதிரியாக வைத்து வார்த்தவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் பச்சைக் களிம்பு அசிட்டோனில் ஊறவைத்ததும் பிசின் போல இளகி வந்துவிட்டது. அடியில் பளபளக்கும் புது மஞ்சள் உலோகம். காலத்தால் படிந்த களிம்பு அசிட்டோனுக்கு அசையாது. அது போகட்டும், திருட்டு வார்ப்பு என்றே வைத்துக்கொண்டாலும் "அரசு வார்ப்பு" என்று விற்றது பொய்தானே.

(புளி, எலுமிச்சை போட்டுத் தேய்த்துச் சோதிக்காதீர்கள். குத்துவிளக்குக்கு நல்லது, அசல் களிம்பையும் அது தின்றுவிடும், நாணயத்தின் விலை பாதியாகும்.)

இன்னொரு தந்திரம், சாதாரண 1 மூனையே "அரிய வகை" என்று விற்பது. பின்பக்கத்தில் வார்ப்பகத்தின் குறியும், தொடரைக் காட்டும் எழுத்தோ எண்ணோ இருக்கும். வார்ப்பகங்கள் பல, தொடர்கள் அதைவிடப் பல. ஆயிரக்கணக்கான சேர்க்கைகள் உண்டு. "இந்த எழுத்து வேறெங்கும் கிடைக்காது" என்பவரிடம் பட்டியல் எண்ணைக் கேளுங்கள், பேச்சு மாறும். வார்ப்புக்கு மாதிரியாக இருந்த தாய் நாணயம் என்று சொன்னால் இன்னும் எச்சரிக்கை வேண்டும்: அது சேய் நாணயத்தைவிடப் பெரிதாக, எழுத்து கூர்மையாக, கையால் சீவிய ஓட்டையோடு இருக்க வேண்டும். தேய்ந்த, சிறிய "தாய்" என்பது கதை.

ஏலம் கேட்கும் முன் தராசில் வைத்த படம், விட்டம் அளக்கும் வெர்னியர் கருவியில் பிடித்த படம், விளிம்பைச் சுற்றி எடுத்த படம் மூன்றும் கேளுங்கள். விளிம்புப் படத்தைத்தான் தட்டிக் கழிப்பார்கள். அசலில் அரம் ஓடிய கீறல் தெரியும், இந்த மூன்றிலும் விளிம்பு வழவழவென்று இருந்தது. விற்றவரின் பழைய ஏலங்களையும் புரட்டுங்கள். அதே வெட்டு வேறு படத்தில் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஏலத் தளத்துக்கு அனுப்பினால் போதும். வாங்குபவர் பாதுகாப்பு இல்லாத வழியில் பணம் போட்டால் இந்த ஆதாரம் எதுவும் பலிக்காது. பொதியைப் பிரிக்கும்போதே காணொளி எடுத்துவிடுங்கள், அசிட்டோன் பக்கம் போவது புகார் பதிவான பிறகு.