உபுண்டுவின் பிழைப்பெட்டியோடு நான்கு மாங்காய் சீசன்

காவேரிப்பட்டணத்தில் அண்ணனின் மாங்காய் மண்டிக்கு நான்தான் கணக்கு. 2022-ல் மண்டியின் பழைய கம்ப்யூட்டரில் உபுண்டு 22.04 என்ற இலவச ஓ.எஸ். (இயங்குதளம்) போட்டேன். அந்த சீசனிலேயே தொல்லை ஆரம்பித்தது. பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய லாரி கூழ் ஆலைக்குக் கிளம்ப பில்லுக்காக நிற்கும், நான் கம்ப்யூட்டரை ஆன் செய்வேன், 'சிஸ்டம் நிரலில் சிக்கல், அறிக்கை அனுப்பலாமா' என்ற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். மூடினால் அடுத்த முறையும் வரும்.

"என்னப்பா, மறுபடியும் அதே பெட்டியா?" என்று அண்ணன் கேட்காத நாள் இல்லை.

இந்த வேலையைச் செய்வது ஆப்போர்ட் என்கிற நிரல். ஏதாவது ஒரு மென்பொருள் கிராஷ் ஆனால் /வார்/கிராஷ் என்ற கோப்புறையில் ஒரு கோப்பு எழுதி வைக்கும். பழைய கோப்பு அங்கே கிடக்கும்வரை பெட்டி திரும்பத் திரும்ப வருவது அதனால்தான், புதிதாக எதுவும் கெட்டிருக்க வேண்டியதில்லை. கோப்புறையைக் காலி செய்தாலே போதும். அன்று அது தெரியாமல் வேரையே வெட்டினேன்: /எட்சி/டீஃபால்ட்/ஆப்போர்ட் கோப்பில் 'எனேபிள்டு' என்பதற்கு எதிரே இருந்த 1-ஐ 0 ஆக்கினேன். பெட்டி போயே போய்விட்டது. நிம்மதி.

அதற்கான விலையை 2024 சீசனில் கொடுத்தேன். கணக்கு எழுதும் லிப்ரெ ஆபீஸ் மென்பொருள் பாதிக் கணக்கில் தானாக மூடிக்கொள்ளும். இன்னொரு நாள் கோப்புகளைப் பார்க்கும் ஜன்னல் மறையும், இன்னொரு நாள் திரை முழுக்க ஒருமுறை அணைந்து வரும். ஏன் என்று பார்க்க ஒரு தடயமும் இல்லை, எழுதுபவனைத்தான் நான் வாயடைத்து வைத்திருந்தேனே! பார்க்க வந்த சர்வீஸ் தம்பி மின்வெட்டு மேல் பழி போட்டு, புதிதாக ஓ.எஸ். போடச் சொன்னார். போட்டோம். கோளாறு அப்படியே இருந்தது. ஒரே லாபம், நான் அணைத்து வைத்திருந்த ஆப்போர்ட் புதிய நிறுவலில் தானாகவே ஆன் ஆகியிருந்தது.

ஒரே வாரத்தில் ஐந்து கோப்புகள் சேர்ந்தன. ஒரே மென்பொருளின் பெயர் திரும்பத் திரும்ப வந்திருந்தால் அதைச் சந்தேகித்திருப்பேன். இங்கே ஐந்தும் வேறு வேறு, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால் தரையைத்தான் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது வரும் கிரப் மெனுவில், ராம் என்ற நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்டை இரவு முழுக்க ஓடவிட்டேன் (பழைய பயாஸ் முறையில் துவங்கும் மெஷின் என்பதால் அது ஓடியது). காலையில் திரையெங்கும் சிவப்பு. இரண்டு 4 ஜிபி ராமில் ஒன்று கெட்டிருந்தது. ரப்பரால் தேய்த்துப் போட்டும் பயனில்லை. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒன்று வாங்கி மாட்டியதோடு கிராஷும் நின்றது. மின்வெட்டில் கம்ப்யூட்டர் பொத்தென்று அணைந்தால் இப்படிக் கோப்பு எதுவும் விழாது என்பதும் அப்புறம்தான் உறைத்தது.

சரி, அப்படியானால் எல்லா அறிக்கையையும் உபுண்டு தயாரிப்பாளர்களுக்கு அனுப்பிவிடலாமா? இங்கேதான் எனக்குத் தயக்கம். கிராஷ் ஆன நேரத்தில் அந்த மென்பொருளின் நினைவகத்தில் இருந்ததெல்லாம் அந்தக் கோப்புக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். லிப்ரெ ஆபீஸ் கோப்பு ஒன்றை ஆப்போர்ட்-அன்பேக் வைத்துப் பிரித்து, உள்ளே இருக்கும் எழுத்துகளை மட்டும் பொறுக்கிக் காட்டும் ஸ்ட்ரிங்ஸ் கட்டளையை 16 பிட் எழுத்துகளுக்கு ஏற்றபடி ஓட்டினேன். தமிழ்ப் பெயர்கள் தெரியவில்லை, ஆனால் விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்களும் ஐஎஃப்எஸ்சி குறியீடுகளும் வரிசையாக வந்து நின்றன. வயிற்றைக் கலக்கிவிட்டது. அனுப்பும்போது முழு நினைவகமும் எடுத்த எடுப்பிலேயே போய்விடாது, விழுந்த இடத்தின் அடையாளம்தான் முதலில் போகும், அவர்களின் சர்வர் அதுவரை பார்க்காத சிக்கல் என்றால்தான் மீதியைக் கேட்கும். இருந்தாலும் ஊரார் கணக்கு எண்ணை வைத்து நான் சூதாட முடியாது.

இப்போது செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் டயக்னாஸ்டிக்ஸ் போய், அறிக்கை அனுப்புவதை 'மேனுவல்' என்று வைத்திருக்கிறேன். பெட்டி வந்தால் விவரத்தைத் திறந்து எந்த நிரல் என்று பார்ப்பேன். கணக்கு திறந்திருந்த லிப்ரெ ஆபீஸ் என்றால் அனுப்புவதில்லை. டெஸ்க்டாப்பே விழுந்தது என்றால் தாராளமாக அனுப்புகிறேன், காசு கொடுக்காமல் பயன்படுத்துபவன் அதையாவது செய்யலாம்.

குறைகளும் உண்டு. வெளியிலிருந்து இறக்கி நிறுவிய மென்பொருள் விழுந்தால், இது உபுண்டுவின் பொதி (அவர்களே தரும் மென்பொருள் தொகுப்பு) இல்லை என்று ஆப்போர்ட் கைகழுவிவிடும். கோப்புகளும் 7 நாளைக்கு மேல் தங்காது, தினசரித் துப்புரவில் போய்விடும். அதனால் சீசன் நேரத்தில் வாரம் ஒருமுறை, ஞாயிறு காலை மண்டி திறக்கும் முன், எந்த நிரல், எந்தத் தேதி என்று பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்கிறேன். இந்த வருஷம் அங்கே இரண்டே வரிதான்.