நடுநிலை நாளிதழ்: 24 ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

அண்ணன் மகள் குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் போனில் கேட்டாள்: “சித்தப்பா, தினமும் படிக்க எந்தப் பேப்பர் வாங்கட்டும்? கட்சி சாயாத பேப்பராகப் பார்த்துச் சொல்லுங்கள்.” தினமும் இரண்டு பேப்பர் வாங்குகிற வீடு எங்களுடையது. சட்டென்று பதில் வந்திருக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். யோசிக்க யோசிக்கக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். பக்கம், விலை, ஞாயிறு இணைப்பு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதற்குள் போகப்போவதில்லை.

நான் சந்தாதாரர் ஆனது 2001 ஜூலையில். தொலைக்காட்சிதான் என்னைப் பேப்பர் பக்கம் விரட்டியது. ஜூன் 30 அதிகாலையில் கருணாநிதி கைதானார். சன் டிவியில் ஒரு முதியவரைப் போலீஸார் இழுத்துப் போனார்கள், அவர் அலறினார். ஜெயா டிவியில் மத்திய அமைச்சர்கள் போலீஸாரைப் பிடித்துத் தள்ளினார்கள். ஒரே வீடு, ஒரே ராத்திரி. ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் குற்றவாளி மாறிவிடுவார். இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு மறுநாள் பேப்பர்காரரைத் தேடிப் போனேன். “நடுநிலையாக எது இருக்கும்?” என்றேன். அவர் ஒன்றைச் சொன்னார். பெயர் வேண்டாம். அது இன்றைக்கும் காலை ஐந்தே முக்காலுக்கு வாசலில் விழுகிறது.

நல்லதைச் சொல்லாமல் விட்டால் பாவம். எழுத்துப்பிழை குறைவு. மாவட்டப் பக்கம் உருப்படியானது. எந்த ஊரில் ரேஷன் கடை திறக்கவில்லை, எந்தப் பாலத்தில் கைப்பிடிச் சுவர் இடிந்தது என்பதெல்லாம் தவறாமல் வரும். தப்பாகப் போட்டுவிட்டால் இரண்டு நாளில் ‘திருத்தம்’ என்று சின்னதாக ஒரு கட்டம் கட்டி ஒப்புக்கொள்வார்கள். அந்த நாணயத்தை வேறு பேப்பரில் நான் அதிகம் பார்த்ததில்லை. அந்தக் கட்டத்துக்காகவே பல வருடம் நம்பினேன்.

சனியன் பிடித்தது மின்வெட்டு வடிவத்தில். 2008, 2009இல் எங்கள் ஊரில் தினம் இரண்டு மூன்று மணி நேரம் கரண்ட் போகும். என் பேப்பர் முதல் பக்கத்தில் எட்டுப் பத்திக்குக் கொதித்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படிக்கும் பள்ளி மாணவியின் படம் வாரம் ஒன்று. சரி, கேட்க ஒரு பேப்பராவது இருக்கிறதே என்று மகிழ்ந்தேன். ஆட்சி மாறியது. 2012இல் சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு. எங்கள் பக்கமெல்லாம் ஒரு நாளில் பாதிக்கு மேல் இருட்டு. அரைத்த மாவு புளித்துப் பொங்கியது, நூற்பாலையில் வேலை போனது, பிள்ளைகள் மொட்டை மாடியில் தூங்கினார்கள். என் பேப்பர் என்ன போட்டது தெரியுமா? ‘இன்வெர்ட்டர் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை.’ உள்பக்கத்தில், படத்துடன். மெழுகுவர்த்தி மாணவி அதற்குள் படித்து முடித்துவிட்டாள் போலிருக்கிறது.

பொய் எழுதியிருந்தால் கையும் களவுமாகப் பிடித்திருப்பேன். ஒரு வரிகூடப் பொய் இல்லை என்பதுதான் எரிச்சல். முதல் பக்கம் ஏழாம் பக்கமாகும், எட்டுப் பத்தி ஒற்றைப் பத்தியாகும், அவ்வளவுதான். போலீஸ் அடித்தால் ஓர் ஆட்சியில் ‘காட்டுமிராண்டித் தாக்குதல்’, இன்னோர் ஆட்சியில் ‘லேசான தடியடி’. லேசான தடியடியில் மண்டை உடைந்தவரை அரசு மருத்துவமனையில் நானே பார்த்திருக்கிறேன். பேட்டியில் பிடித்த கட்சிக்காரர் ‘விளக்கம்’ அளிப்பார், பிடிக்காதவர் ‘மழுப்புவார்’. அப்போதுதான் எதிர்ப்பக்கத்துப் பேப்பர் ஒன்றையும் சேர்த்துப் போடச் சொன்னேன். பென்சிலோடு உட்கார்ந்து இரண்டிலும் ஒரே செய்தியைத் தேடுவது காலைக் காப்பியோடு வந்த வியாதி. 2021க்குப் பிறகு இரண்டும் நாற்காலி மாற்றி உட்கார்ந்துகொண்டன. மெழுகுவர்த்தி என் பேப்பருக்கே திரும்பி வந்தது.

எதிர்பாராமல் ஒரு சந்தோஷமும் கிடைத்தது. 2019 கோடையில் எங்கள் தெருவுக்குப் பதினொரு நாள் தண்ணீர் வரவில்லை. பெண்கள் காலிக் குடங்களோடு மெயின் ரோட்டில் உட்கார்ந்தார்கள், என் மனைவியும்தான். நிருபர் வந்தார், படம் எடுத்தார், பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டார். மறுநாள் பேப்பரில் மறியலைக் காணோம். அதற்குப் பதிலாக மூன்றாம் பக்கத்தில், ‘புதிய குடிநீர்க் குழாய்ப் பணிகள் மும்முரம்’. மனைவி பேப்பரை என் மடியில் போட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுக்களைக்குப் போனாள். ஆத்திரத்தில் அதை வரிவரியாகத் துருவினேன். பதினொன்றாம் பக்கத்தில், பொடி எழுத்தில், ஒரு டெண்டர் அறிவிப்பு. எங்கள் வார்டு, அதே குழாய், மதிப்பீட்டுத் தொகை, வைப்புத்தொகை, ஒப்பந்தப்புள்ளி வந்து சேர வேண்டிய கடைசி நாள். அந்தக் கடைசி நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது! மும்முரமாக நடக்கிற வேலைக்கு இனிமேல்தான் ஆள் பிடிக்கப் போகிறார்கள். இரண்டு பக்கத்தையும் கத்தரித்து ஒன்றாக ஒட்டி, டீக்கடைச் சுவரில் மாட்டினேன். கடைக்காரர் நாலு நாள் கழற்றவே இல்லை.

அன்று முதல் நான் பேப்பரைப் பின்பக்கத்திலிருந்துதான் படிக்கிறேன். டெண்டர், நீதிமன்ற ஏல அறிவிப்பு, பெயர் மாற்றம், கண்ணீர் அஞ்சலி. அங்கே யாரும் விளாசுவதில்லை, யாரும் மழுப்புவதுமில்லை. தொகையும் தேதியும் பொறியாளர் பதவியும் இருக்கும்.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். நூலகத்தில் தி.மு.க.வின் முரசொலியும் அ.தி.மு.க.வின் ‘நமது அம்மா’வும் கிடைத்தால் இரண்டையும் எடுத்து உட்கார்ந்துவிடுவேன். எதிர்க்கட்சியாக இருக்கும்போது கட்சிப் பத்திரிகைக்கு ஒரு சுறுசுறுப்பு வரும். அரசாணை எண், சட்டமன்றத்தில் அமைச்சர் போன வருடம் சொன்ன கணக்கு, தணிக்கை அறிக்கைப் பத்தி என்று தோண்டி எடுத்துப் போடுவார்கள். வாதி வக்கீலும் பிரதிவாதி வக்கீலும் போல. யாருடைய வக்கீல் என்று தெரிந்துதான் படிக்கிறோம். நீதிபதியின் அங்கியை மாட்டிக்கொண்டு வக்கீல் வேலை பார்க்கிறவர் மேல்தான் என் கோபம்.

குறை சொல்கிறவன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நாம் கொடுக்கிற காசு அச்சடித்த காகிதத்துக்கே காணாது. மிச்சம் விளம்பரத்தில் வர வேண்டும், அதில் அரசு விளம்பரத்துக்கும் பங்கு உண்டு. ஊர்ப்பக்க நிருபர்கள் பலருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. செய்தியும் கொடுக்க வேண்டும், விளம்பரமும் பிடிக்க வேண்டும். குடத்தைப் படம் எடுத்தவர் பிறகு ஒருநாள் கடைத்தெருவில் என்னைப் பார்த்து, “நான் அனுப்பினேன் சார்” என்றார். நம்புகிறேன். 2007 மே 9 அன்று, கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்ற கருத்துக்கணிப்புக்காக மதுரை தினகரன் அலுவலகம் தாக்கப்பட்டு எரிந்தது. மூன்று ஊழியர்கள் செத்தார்கள். அந்தக் கணிப்பை எழுதியவர்கள்கூட அல்ல அவர்கள். 2009இல் கீழ் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. 2019இல்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. பன்னிரண்டு வருடம். இதையெல்லாம் பார்த்த ஓர் ஆசிரியர் எதற்கு வம்பு என்று ஏழாம் பக்கத்துக்குத் தள்ளினால், அவரை முழுக்கத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பாதி திட்டுகிறேன்.

2018இல் தூத்துக்குடித் துப்பாக்கிச்சூட்டை டிவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார் அன்றைய முதலமைச்சர் பழனிசாமி. எந்த சேனல் என்று சொல்லியிருந்தால் அண்ணன் மகளுக்கு நானும் அதையே சொல்லியிருப்பேன்.

அவளுக்கு நேற்று சொல்லிவிட்டேன்: தேர்வுக்கு எந்தப் பேப்பரும் வாங்காதே, நூலகத்தில் இரண்டைப் படி, அரசிதழைப் பார், கொள்கை விளக்கக் குறிப்புகளைத் துறை இணையதளத்திலிருந்து எடு. அவள் சிரித்துக்கொண்டே, “நீங்கள் மட்டும் ரெண்டு வாங்குகிறீர்களே, சித்தப்பா” என்றாள்.

அது குத்தியது. இன்று காலை பேப்பர்காரர் சந்தா வாங்க வந்தபோது, அடுத்த மாதத்திலிருந்து ஒன்றை நிறுத்திவிடுங்கள் என்றேன். எதை என்று கேட்டார். பழையதை, திருத்தம் போடுவதை, மாவட்டப் பக்கம் நன்றாக இருப்பதை நிறுத்தச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அதுதானே சார் நல்ல பேப்பர்? இன்னொன்றை நீங்கள் தினமும் திட்டுவீர்களே?” என்றார். அந்த இன்னொன்றிடம் நான் எதையும் எதிர்பார்த்ததே இல்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது? நிறுத்துங்கள் என்றேன் மறுபடியும்.

சட்டைப்பையிலிருந்து குறிப்பு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். வண்டியைக் கிளப்பும் முன் திரும்பி, “டெண்டர் வருகிற நாளில் மட்டும் போடட்டுமா சார்?” என்றார்.

டெண்டர் எந்த நாளில் வரும் என்று யாருக்குத் தெரியும். தினமும் போடுங்கள் என்றேன்.